ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா? கக்குவான் இருமலின் வரலாறு தரும் பாடம்



பெரியம்மையும் தட்டம்மையும் ஒருமுறை கண்டவரை மறுமுறை அணுகா என்பது நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்த செய்தி. அதே அளவுகோலைக் கொண்டுதான் கக்குவான் இருமலையும் நம் வீடுகளில் அளந்து வருகின்றனர். "அவனுக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, இனி வராது" என்பர் மூத்தோர். "மூன்று ஊசியும் போட்டாயிற்று, இனிக் கவலை இல்லை" என்பர் இளைய உம்மாமார். இவ்விரு கூற்றுகளிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறியாதிருப்பதால் வரும் தீங்கு, அப்படிச் சொல்பவரைச் சேர்வதில்லை. அவர் மடியில் கிடக்கும் இரண்டு மாதக் குழந்தையைச் சேர்கிறது. ஆகவே, இந்நோய்க்கு எதிரான ஆற்றல் நம் உடலில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை மனிதர் எவ்வாறு சிறிது சிறிதாகக் கண்டறிந்தனர் என்னும் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஹிராத்தும் பாரிஸும்

கொள்ளை நோய்களைப் பிரித்தறிந்து எழுதும் கலையில் முஸ்லிம் மருத்துவர்கள் முன்னோடிகளாக இருந்தனர் என்பது வரலாறு அறிந்தோர் ஏற்கும் செய்தி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் தனித்தனி நோய்களாக விளக்கி நூல் எழுதினார். ஆனால் அவர் காலத்து நூல்களில் கக்குவான் இருமல் தெளிவான தனி நோயாகக் காணப்படவில்லை. அதனை முதன்முதலாக வருணித்தவர் என்று இன்றைய ஆய்வாளர் சிலர் சுட்டுவது, அதே ரை நகரத்து மரபில் வந்த மற்றொரு மருத்துவரை. பஹாவுத் தவ்லா அர்ராஸீ என்னும் அவர், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மொழியில் எழுதிய 'குலாஸத்துத் தஜாரிப்' என்னும் நூலில், ஹிராத்திலும் ரையிலும் பரவிய கொள்ளை இருமலைப் பதிவு செய்துள்ளார். 'அனுபவங்களின் சாரம்' என்பது அந்நூற்பெயரின் பொருள். ஏட்டில் படித்ததை மட்டும் எழுதாமல், தம் கண்ணால் கண்டதையும் எழுதியவர் அவர்.

ஐரோப்பாவில் 1578 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பரவிய இருமலைக் கியோம் தெ பையூ என்னும் மருத்துவர் வருணித்தார். அவர் மறைந்த பின்னர், 1640 இல்தான் அது அச்சேறியது. அதே பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இந்நோய்க்குப் 'பெர்ட்டுசிஸ்' என்று பெயரிட்டார். கடுமையான இருமல் என்பது அதன் பொருள். சீனரும் ஜப்பானியரும் இதனை 'நூறு நாள் இருமல்' என்று அழைத்தனர். தமிழில் கக்குவான் என்னும் பெயர், இருமி இருமிக் கக்க வைக்கும் அதன் கொடுமையையே சுட்டுகிறது.

இவ்வாறு பெயரும் அடையாளமும் தெளிந்த பின்னரும், இது ஒருவருக்கு ஒருமுறைதான் வருமா என்னும் கேள்வியை எவரும் கூர்ந்து ஆராயவில்லை. குழந்தைகளுக்கு வருகிறது, பெரியவர்களிடம் அந்தக் கூவல் ஒலியுடன் கூடிய இருமல் அரிதாகவே காணப்படுகிறது, ஆகவே சிறுவயதில் வந்தது ஆயுள் முழுவதும் காக்கிறது என்று மருத்துவ நூல்களும் எழுதின. பார்வைக்குச் சரியாகத் தோன்றிய இம்முடிவு மறுக்கப்பட நெடுங்காலம் பிடித்தது.

ஃபரோ தீவுகள் கற்பித்த இரு பாடங்கள்

வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க்கின் ஆளுகையில் ஃபரோ என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. உலகப் போக்குவரத்திலிருந்து ஒதுங்கிய இடமாதலால், ஒரு நோய் அங்கு எப்போது நுழைந்தது, யாரைப் பற்றியது, யாரை விட்டது என்பதைத் துல்லியமாகக் கணக்கெடுக்க முடிந்தது. 1846 இல் அங்குத் தட்டம்மை பரவியபோது, பீட்டர் பானும் என்னும் இளம் மருத்துவர் அனுப்பப்பட்டார். மக்கள் தொகை எட்டாயிரத்துக்கும் குறைவு. அவர்களில் ஏறத்தாழ 6,000 பேரைத் தட்டம்மை பற்றியது. ஆனால் முதியவர் பலரை அது தொடவே இல்லை. விசாரித்தபோது, 65 ஆண்டுகளுக்கு முன் 1781 இல் அத்தீவுகளில் பரவிய தட்டம்மையை அவர்கள் குழந்தைகளாக இருந்தபோது கண்டிருந்தனர் என்பது தெரியவந்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளில் அந்நோய் அங்கு எட்டிப் பார்க்கவே இல்லை. ஆகவே ஒருமுறை கண்ட தட்டம்மை, இடையில் எந்த நினைவூட்டலும் இன்றி, ஆயுள் முழுவதும் காக்கிறது என்பது உறுதியாயிற்று.

இதே தீவுகள் பின்னர் கக்குவான் இருமல் பற்றியும் ஒரு பாடம் கற்பித்தன. அதற்கு முன், நோயின் கிருமி கண்டறியப்பட வேண்டியிருந்தது. பெல்ஜிய நாட்டு அறிஞர் ஜூல் போர்தே 1900 இல் ஒரு குழந்தையின் சளியில் அந்நுண்ணுயிரை உருப்பெருக்கியின் வழியே கண்டார். ஆனால் அதனை வளர்த்தெடுக்க இயலவில்லை. ஒக்தாவ் ழாங்கு என்னும் தம் துணைவருடன் சேர்ந்து, உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், இரத்தம் ஆகியவற்றைக் கலந்த ஊடகத்தில் 1906 இல் அதனை வளர்த்தார். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுகளுக்காக 1919 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அந்நுண்ணுயிரின் அறிவியல் பெயரிலும் போர்தேயின் பெயரே நிலைத்தது.

கிருமி கிடைத்ததும் அதனைக் கொன்று ஊசி மருந்தாக்கும் முயற்சிகள் பல நாடுகளில் தொடங்கின. டென்மார்க்கின் தோர்வால்ட் மாட்சன் அம்மருந்தை ஃபரோ தீவுகளில் இருமுறை சோதித்தார். 1923-24 இல் நோய் பரவத் தொடங்கிய பின் ஊசி போடப்பட்டது. நோய் வராமல் தடுக்க அதனால் இயலவில்லை, எனினும் நோயின் கடுமையும் இறப்பும் குறைந்தன. 1929 இல் நோய் வந்து சேரும் முன்னரே ஊசி போடப்பட்டது. போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் நோயினின்று முற்றாகத் தப்பினர். போடாதவர்களில் தப்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பானும் கண்ட தட்டம்மையைப் போன்ற அசைக்க முடியாத பாதுகாப்பு இங்கு இல்லை. கக்குவானுக்கு எதிரான காப்பு அளவுக்குட்பட்டது என்பதற்கான முதல் குறிப்பு அதுவாகும்.

இரண்டு ஆசிரியைகளின் உழைப்பு

நம்பத்தக்க தடுப்பூசியை உருவாக்கிய பெருமை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பணியாற்றிய இரு பெண்களைச் சாரும். பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் அவ்விருவரும் முதலில் பள்ளி ஆசிரியைகளாக இருந்து, பின்னர் அரசின் சுகாதார ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள். அக்காலத்தில் கக்குவான் இருமல் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. 1932 இல், பகல் முழுவதும் ஆய்வக வேலையை முடித்துவிட்டு, மாலையில் விளக்கொளியில் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளைத் தேடிச் சென்றனர். குழந்தை இருமும்போது அதன் வாய்முன் ஊடகம் பூசிய தட்டைப் பிடித்துக் கிருமியைச் சேகரித்தனர். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்திருந்த அக்குடும்பங்களின் வறுமையையும் அவ்வேளையில் கண்டனர்.

அவர்கள் நடத்திய சோதனை அக்கால அளவில் மிகச் சீரானது. ஊசி போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் வயது, வாழும் பகுதி ஆகியவற்றில் ஒத்தவர்களாகத் தேர்ந்தெடுத்தனர். முதற்கட்டக் கணக்கின்படி, ஊசி போட்ட 712 குழந்தைகளில் 4 பேருக்கு மட்டுமே நோய் வந்தது, அதுவும் இலேசாக. போடாத 880 குழந்தைகளில் 45 பேருக்கு வந்தது. பணம் போதாமல் தவித்தபோது, அன்றைய குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் 1936 இல் ஆய்வகத்திற்கு நேரில் வந்து பார்த்து, நிதி கிடைக்க உதவினார். பின்னர் அவர்களுடன் இணைந்த லோனி கார்டன் என்னும் கறுப்பினப் பெண் ஆய்வாளர், வீரியமிக்க மருந்துக்கேற்ற கிருமி வகையைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு ஆற்றினார். தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஊசி என்னும் முத்தடுப்பு ஊசி 1940 களில் பரவலாயிற்று. 1934 இல் அமெரிக்காவில் 2,65,000 க்கும் மேற்பட்டோருக்குப் பதிவான இந்நோய், 1976 இல் 1,010 பேராகச் சுருங்கியது.

ஆனால் கிராண்ட் ராப்பிட்ஸ் அமைந்துள்ள அதே கென்ட் மாவட்டத்திலிருந்துதான் அடுத்த எச்சரிக்கையும் வந்தது. 1962 இல் அங்கு ஒரு சிறு பரவல் ஏற்பட்டது. நோயாளியுடன் பழகியவர்கள் கடைசியாகத் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்கெடுத்தனர். மூன்று ஆண்டுகளுக்குள் போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரையே நோய் பற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டவர்களில் ஏறத்தாழ அனைவரையும் அது பற்றியது. இங்கிலாந்தின் கீவொர்த் என்னும் சிற்றூரில் ஒரு குடும்ப மருத்துவர் பத்தாண்டுகள் தொகுத்து 1988 இல் வெளியிட்ட கணக்கும் இதனையே சொன்னது. ஊசி முடிந்த முதல் ஆண்டில் முழுமையாக இருந்த பாதுகாப்பு, ஏழாம் ஆண்டில் 46 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

அச்சம் வென்ற ஆண்டுகள்

இவ்வாறு எதிர்ப்பாற்றல் தேய்கிறது என்று மருத்துவர்கள் உணரத் தொடங்கிய காலத்தில், வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. முழுக் கிருமியையும் கொன்று தயாரிக்கும் அந்த ஊசி, பல குழந்தைகளுக்குக் காய்ச்சலையும் தொடையில் வீக்கத்தையும் உண்டாக்கியது. சிலருக்கு நெடுநேர அழுகையையும் தந்தது. 1974 இல் இலண்டன் மருத்துவர் சிலர், ஊசிக்குப் பின் வலிப்பும் மூளைப் பாதிப்பும் கண்ட 36 குழந்தைகளைப் பற்றி எழுதினர். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதனைப் பரப்பின. ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்த தடுப்பூசிப் பயன்பாடு சில ஆண்டுகளில் 30 விழுக்காட்டளவிற்கு வீழ்ந்தது. 1977 முதல் 1979 வரையிலான பரவலில் மட்டும் பிரிட்டனில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது.

ஜப்பானின் கதை இதனினும் துயரமானது. 1974-75 குளிர்காலத்தில் ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்ததையடுத்து ஊசி நிறுத்தி வைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கியபோதும் பெற்றோர் முன்வரவில்லை. 1974 இல் 393 பேருக்கு நோய் வந்து ஒருவரும் இறக்காத அந்நாட்டில், 1979 இல் 13,000 க்கும் மேற்பட்டோர் நோயுற்று 41 பேர் இறந்தனர்.

பெற்றோரின் அச்சம் இயல்பானதே. அதனை இகழ்வது முறையன்று. ஆனால் விசாரணையின் முடிவையும் அறிவதே நீதி. 1988 இல் இலண்டன் உயர்நீதிமன்றம் நீண்ட விசாரணைக்குப் பின், இவ்வூசி நிலையான மூளைப் பாதிப்பை உண்டாக்குகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. 2006 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஊசியால் மூளைப் பாதிப்பு நேர்ந்ததாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தபோது, அவர்களில் 11 பேருக்கு வலிப்பு நோயை உண்டாக்கும் மரபணுக் கோளாறு இருந்ததைக் கண்டனர். நோயின் வேர் அக்குழந்தைகளின் உடலிலேயே முன்னரே இருந்தது.

மென்மையான ஊசி, குறுகிய நினைவு

ஜப்பானில் நேர்ந்த அத்துயரம் புதிய மருந்துக்கு வழிவகுத்தது. யூஜி சட்டோ என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், முழுக் கிருமியைப் பயன்படுத்தாமல், அதன் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய ஊசியை உருவாக்கினர். 1981 முதல் ஜப்பான் அதனைப் பயன்படுத்தியது. காய்ச்சலும் வீக்கமும் மிகக் குறைந்தன. பெற்றோர் மீண்டும் வந்தனர், நோய் தணிந்தது. அமெரிக்கா 1990 களிலும், பிரிட்டன் 2004 இலும் இவ்வகை ஊசிக்கு மாறின.

சில ஆண்டுகள் கழித்து அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. 2010 இல் கலிஃபோர்னியா மாநிலத்தில் 9,000 க்கும் மேற்பட்டோரைக் கக்குவான் பற்றியது. பத்துக் கைக்குழந்தைகள் இறந்தனர். 2012 இல் அமெரிக்கா முழுவதும் 48,277 பேருக்கு நோய் பதிவாயிற்று. நோயுற்ற சிறுவர்களில் பெரும்பாலோர் எல்லாத் தவணைகளையும் முறையாகப் போட்டவர்களே என்பதுதான் மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. வடகலிஃபோர்னியாவில் நடந்து 2012 இல் வெளியான ஆய்வு விடை தந்தது. புதிய வகை ஊசியின் ஐந்தாம் தவணைக்குப் பின், ஒவ்வோர் ஆண்டு கடக்கும்தோறும் நோய் பற்றும் வாய்ப்பு சராசரியாக 42 விழுக்காடு கூடிக்கொண்டே சென்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆய்வு, முதல் தவணையைப் பழைய முழுக் கிருமி ஊசியாகப் பெற்ற பிள்ளைகள், புதிய ஊசியை மட்டும் பெற்றவர்களைவிட நெடுங்காலம் கூடுதலாகக் காக்கப்பட்டனர் என்று காட்டியது.

அமெரிக்க ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2013 இன் இறுதியில் வெளிவந்தது. அது மேலும் ஓர் உண்மையை உணர்த்தியது. புதிய ஊசி பெற்ற குரங்குகள் நோயுறவில்லை. ஆனால் கிருமி அவற்றின் மூச்சுப்பாதையில் வாரக்கணக்கில் தங்கி, பிற குரங்குகளுக்கும் பரவியது. முழுக் கிருமி ஊசி பெற்றவை கிருமியை விரைவில் அகற்றின. முன்பே நோயுற்று மீண்டவற்றில் கிருமி தங்கவே இல்லை. இச்சோதனை குரங்குகளில் நடந்ததாயினும், தான் நலமாக இருப்பதும் பிறருக்குப் பரப்பாமல் இருப்பதும் வெவ்வேறு என்பதை அது தெளிவாக்கியது.

அப்படியாயின் நோய் வந்து மீண்டவருக்கு ஆயுள் காப்பு உண்டா? அதுவும் இல்லை. 2005 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நோயால் கிடைத்த எதிர்ப்பாற்றல் 4 முதல் 20 ஆண்டுகளிலும், ஊசியால் கிடைத்தது 4 முதல் 12 ஆண்டுகளிலும் தேய்ந்துவிடுகிறது என்று கணித்தனர். நோயால் கிடைப்பது சற்று நீண்டிருக்கலாம். ஆனால் அதனைப் பெறக் குழந்தை கொடுக்கும் விலையோ மிகப் பெரிது.

முன்னோர் அனுபவம் பொய்யா?

முன்னோர் கண்டது பொய்யன்று. அவர்கள் வாழ்ந்த சூழல் வேறு. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் இந்நோய் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊரிலும் வந்து சென்றது. சிறுவயதில் நோயுற்றவர், பின்னர் தம் தம்பி தங்கையருக்கும், தம் பிள்ளைகளுக்கும் அது வந்தபோதெல்லாம் அக்கிருமியை மீண்டும் மீண்டும் சந்தித்தனர். ஒவ்வொரு சந்திப்பும் அவர் உடலுக்குப் பழைய பாடத்தை நினைவூட்டியது. ஓதியதை மீட்டிப் பார்க்காத ஹாஃபிழின் நிலையை நாம் அறிவோம். கற்றது முற்றும் அழிவதில்லை. எனினும் வேண்டிய நேரத்தில் தடங்கலின்றி வருவதில்லை. கக்குவானுக்கு எதிரான உடலின் நினைவும் அத்தகையதே.

மேலும், பெரியவர்களுக்கு வந்தது கக்குவான் என்று அறியப்படாமலே போயிற்று. எஞ்சிய எதிர்ப்பாற்றல் நோயைத் தணித்துவிடுவதால், அவர்களிடம் கூவலும் வாந்தியும் இல்லாமல், வாரக்கணக்கில் நீளும் வறட்டு இருமலாக மட்டுமே அது தோன்றியது. அதனைச் சளி என்றோ தூசு என்றோ கருதிக் கடந்தனர்.

தட்டம்மைக்கும் இதற்கும் ஏன் இந்த வேறுபாடு? தட்டம்மைக் கிருமி இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுகிறது. உடலின் எதிர்ப்பு நினைவு விழித்தெழுந்து அதனை வழிமறிக்க நேரம் கிடைக்கிறது. கக்குவான் கிருமியோ இரத்தத்தில் இறங்குவதில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்களைப் பற்றிக்கொண்டு, அங்கிருந்தே தன் நச்சைச் செலுத்துகிறது. வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்ளும் கள்வனைப் பிடிக்க வேண்டுமாயின், வாசலில் எப்போதும் காவல் நின்றாக வேண்டும். அந்த வாசற்காவல்தான் ஆண்டுகள் செல்லச்செல்லத் தளர்கிறது.

தளராத காவல் யாருக்காக?

பத்து வயதுச் சிறுவனுக்கும் நாற்பது வயது வாப்பாவுக்கும் கக்குவான் பெரும்பாலும் உயிராபத்து அன்று. ஆபத்து முழுவதும் முதல் ஊசிக்குரிய வயதை எட்டாத பச்சிளங் குழந்தைக்கே. அதற்குக் கூவி இருமும் வலிமைகூட இராது. இருமலே இல்லாமல் மூச்சு சற்று நிற்பதும், உதடும் முகமும் நீலம் பாய்வதும், பால் குடிக்க மறுப்பதுமே அடையாளங்களாக இருக்கக்கூடும். அக்குழந்தைக்கு நோயைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அதனைக் கொஞ்ச வரும் வீட்டாரே.

இதற்கு அண்மைக் கால வரலாறு ஒரு வழி காட்டியுள்ளது. 2012 இல் பிரிட்டனில் நோய் மீண்டும் பெருகி 14 கைக்குழந்தைகள் இறந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் முதல் கர்ப்பிணிகளுக்கே கக்குவான் தடுப்பூசி போடத் தொடங்கினர். தாயின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியே சேய்க்குச் சென்று, முதல் சில மாதங்கள் அதனைக் காக்கின்றன. பிறந்து மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளிடம் இம்முறை ஏறத்தாழ 90 விழுக்காடு பலனளித்தது என்று பின்னர் கணக்கிடப்பட்டது. தாயின் எதிர்ப்பாற்றலும் தேய்வதால், ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் இவ்வூசி பரிந்துரைக்கப்படுகிறது.

நம் நாட்டின் நிலை என்ன? அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இன்றும் முழுக் கிருமி வகையே பயன்படுகிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் முதலில் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் அது அடங்கியுள்ளது. ஊசி போட்ட இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வருவதும், தொடை வீங்குவதும் இதனால்தான். அதற்கு அஞ்சி அடுத்த தவணையைத் தவிர்க்கும் தாய்மார், அந்தக் கடுமையான ஊசியே நீண்ட நினைவைத் தருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊசிக்குப் பின் வலிப்போ வேறு கடும் விளைவோ கண்டிருந்தால் மட்டும், அடுத்த தவணைக்கு முன் மருத்துவரிடம் சொல்லி அவர் கூறியபடி நடத்தல் வேண்டும்.

இத்திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணைகளும், 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒன்றும், 5 முதல் 6 வயதிற்குள் ஒன்றும் உண்டு. முதல் மூன்றையும் ஒழுங்காகப் போடும் குடும்பங்கள்கூடப் பின்னிரண்டை மறந்துவிடுகின்றன. பள்ளியில் சேர்க்கும் ஆரவாரத்தில் ஐந்து வயதுத் தவணை எவர் நினைவுக்கும் வருவதில்லை. மேற்கண்ட வரலாறு முழுவதும் அந்த ஒரு தவணையின் தேவையைத்தான் சொல்கிறது. நம் மக்தபுகளில் முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்து ஓதும் பிள்ளைகள் ஐந்து முதல் பன்னிரண்டு வயதினர். எதிர்ப்பாற்றல் தேயும் வயதும் அதுவே. அவர்களில் பலர் வீடு திரும்பியதும் ஓடிச்சென்று தூக்குவது தொட்டிலில் உள்ள தம்பியையோ தங்கையையோதான்.

பத்து, பதினாறு வயதுகளில் அரசுத் திட்டத்தில் போடப்படும் ஊசியிலும், கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் ஊசியிலும் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமே காப்பு உண்டு, கக்குவானுக்கு இல்லை. கக்குவானையும் சேர்த்துக் காக்கும் 'டிடாப்' என்னும் ஊசி தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. வசதியுள்ளோர் மகப்பேறு மருத்துவரிடம் அதுபற்றிக் கேட்டறிவது நன்று. வசதியில்லாதோரும் செய்யக்கூடியவை உள்ளன. வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளின் தவணைகளை நிறைவு செய்யலாம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுபவர், பேறுகால வீட்டிற்குச் சென்று குழந்தையை முத்தமிடுவதைத் தவிர்க்கலாம். இருமும் பிள்ளையைக் குணமாகும்வரை மக்தபுக்கு அனுப்பாதிருக்கலாம். அதற்காக எந்த உஸ்தாதும் வருந்தமாட்டார். கைக்குழந்தைக்கு மூச்சு நின்று வருவதைக் கண்டால், கை வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்கு விரையலாம். தொடக்கத்திலேயே தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, நோய் பிறருக்குப் பரவுவதைத் தடுக்கிறது.

"காப்புத் தேயுமாயின் ஊசி எதற்கு?" என்று சிலர் வினவக்கூடும். தேய்ந்த காப்பும் வெறுங்கை அன்று. ஊசி போட்டவருக்கு நோய் வந்தாலும் பெரும்பாலும் இலேசாகவே வந்து விரைவில் தணிகிறது. கென்ட்ரிக்கும் எல்டரிங்கும் கண்ட அந்த நான்கு குழந்தைகள் அன்றே அதற்குச் சான்றாயினர். ஊசியைக் கைவிட்ட நாடுகளில் நேர்ந்ததையும் கண்டோம். ஆகவே ஊசியை மறுப்பது இவ்வரலாறு தரும் பாடம் அன்று. உரிய காலத்தில் புதுப்பிப்பதே பாடம்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இதனைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும் இன்றே தம் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து, ஒன்றரை வயதுக்குரிய கட்டமும் ஐந்து வயதுக்குரிய கட்டமும் நிரம்பியுள்ளனவா என்று பார்க்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். வெறுமையாக இருப்பின், தாமதமாயிற்றே என்று தயங்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.